எண்பத்தேழாம் ஆட்டம்

தப்பு வராது என்று சிகப்பிக்குத் தெரியும். தெரிந்த காரியத்தைச் சரிபார்க்க உட்காருவதில் ஒரு தனிச் சுகம் உண்டு, விடை தெரிந்த கணக்கைப் போட்டுக் காட்டப் பலகைக்குப் போகிற பிள்ளையின் சுகம். நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில், காலை வேலையெல்லாம் முடிந்து மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தச் சுகத்தோடுதான் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிரே பின்பக்கம் பூதமாக நீண்ட பழைய டிவி. புது டிவி படுக்கையறையில் இருக்கிறது, ஆனால் அதில் பொத்தானை அழுத்தி அரை மூச்சு விட்ட பிறகுதான் ஆள் குதிப்பான். இந்தப் பழைய வீடியோ கேமுக்கெல்லாம் இந்தக் கிழட்டு டிவிதான் சரி. கையில் ஜாய்ஸ்டிக். கருவியின் வாயில் மஞ்சள் கேசட். காலையில்தான் கூரியரில் வந்தது, வேதாரண்யத்திலிருந்து, பல் டாக்டர் இளவழுதி அனுப்பியது. அதற்குள் எண்பத்தேழாம் எண்ணில் ஒரு ஆட்டம் இருக்கிறது, பனிக்கோட்டை. டிவியில் செருகி ஆடிய பழைய கருவிகளுக்கும் அவற்றின் ஆட்டங்களுக்கும் தமிழில் அவள் தொகுத்திருக்கும் களஞ்சியத்தில் எல்லாம் அச்சுக்குத் தயார். அட்டைக்கு இந்த ஆட்டத்தின் படம் ஒன்றுதான் பாக்கி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட வேண்டும். உலகத்தில் வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆட்டம் என்று பின்னட்டையில் போட்டாகிவிட்டது. போட்டவர் பதிப்பாளர், சொன்னவள் சிகப்பி.

கேசட்டை உருவி, வாயருகே கொண்டுபோய், ஊதினாள். ஊதக்கூடாது, எச்சில் ஈரம் உள்ளிருக்கும் செம்புப் பட்டையைத் தின்றுவிடும் என்று பராமரிப்பு அத்தியாயத்தில் அவளே தடித்த எழுத்தில் எழுதியிருக்கிறாள். எழுதுகிறவளுக்கு ஒரு சட்டம், ஊதுகிறவளுக்கு ஒரு சட்டம். ஊதினால்தான் ஆட்டம் வரும் என்பது மூளையில் இல்லை, கன்னத்தில் இருக்கிறது. புரசைவாக்கத்து மாடிப் போர்ஷனில், அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த கருவி, சாத்தப்ப அண்ணன்தான் ஊதுவான், இவளை ஊதவிடமாட்டான், உனக்கு மூச்சு பத்தாதுடி என்பான். மூச்சு பத்தாதாம். இப்போது பார், ஒரே ஊது. திரை ஒரு தடவை நெளிந்து நீலமாகி, பட்டியல் வந்து நின்றது. ஆயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று மேலே பீற்றல். உண்மையில் முப்பது தேறினால் அதிகம். ஒரே ஆட்டத்தை முதல் ஸ்டேஜிலிருந்து ஒரு எண், மூன்றாம் ஸ்டேஜிலிருந்து ஒரு எண், நான்கு லைஃப் கூடுதலாகக் கொடுத்து ஒரு எண் என்று பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வாயில் வந்த பெயரை வைத்திருப்பார்கள், ஒரே மாவில் தோசை, ஊத்தப்பம், குழிப்பணியாரம் என்று பலகை எழுதுகிற மாதிரி. முன்னுரையில் நாலு பக்கம் இதைப் பற்றித்தான். இந்தப் பட்டியல்களை நம்பி ஏமாறாதீர்கள், வாசகர்களே. இதற்காகவே அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள்: தானே ஆடி முடிக்காத ஆட்டத்துக்குப் பதிவு எழுதுவதில்லை. கட்டைவிரல் காய்த்துப்போனது அந்த விதியால்தான், காய்ப்பை வருடிப் பார்த்துக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இரண்டே இரண்டு இடத்தில்தான் விதி தளர்ந்தது. குகை வீரன் என்று ஒரு ஆட்டம், அதை இளவழுதி ஆடி எழுதினார். இவள் ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்பது இப்போது எதற்கு. இன்னொன்று பனிக்கோட்டை. கேசட் எங்கே தேடியும் கிடைக்காததால் நினைவிலிருந்தே எழுதினாள். நினைவென்றால் சாதாரண நினைவா, கண்ணை மூடினால் வெள்ளைத் தரை, வெள்ளைக் குவியல்கள், விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி ஆள், தூரத்தில் படிப்படியாக அடுக்கிய கோட்டை. களஞ்சியத்திலேயே நல்ல பதிவு அதுதான் என்று மெய்ப்புத் திருத்தியவர்கூடச் சொன்னார். களஞ்சியத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் இளவழுதிதான் ஒருநாள் கேட்டார், மேடம், இந்த ஆட்டத்துக்கு ஆதாரம் என்ன? நானே ஆதாரம் என்று பதில் போட்டாள். பதினேழு பேர் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் பாவம், வீம்புக்கு இல்லை, உண்மையாகவே தேடி, நாகப்பட்டினத்தில் பழைய டிவி ரிப்பேர் கடையொன்றில், பதிவில் அவள் சொல்லியிருந்த அதே மஞ்சள் கேசட்டைப் பிடித்து அனுப்பியிருக்கிறார். தங்கமான மனிதர். எதைப் பார்த்தாலும் ஏதாவது கேட்பார், அது ஒன்றுதான் குறை.

போன் அடித்தது. பதிப்பாளர் ஆரோக்கியசாமி. ஸ்பீக்கரில் போட்டுத் தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம், கேசட் ஓடுதா?"

"ஓடாம என்ன. எண்பத்தேழுக்குப் போயிட்டிருக்கேன்."

"அட்டைக்கு அந்தக் கோட்டை தெரியற மாதிரி ஒண்ணு புடிச்சிருங்க. டிசைனர் பையன் உக்காந்திருக்கான். வெளியீட்டு விழா அழைப்புலயும் அதேதான் போடப்போறோம், 'தொலைந்துபோன ஆட்டம் திரும்பியது'ன்னு. நல்லாருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

"பாத்துங்க மேடம், அந்த ஒரு ஆட்டத்த வெச்சுத்தான் பேப்பர்காரங்க கிட்டயே பேசியிருக்கேன்."

"ஆரோக்கியம், நான் சொல்லி எது தப்பாயிருக்கு?"

அவர் சிரித்துவிட்டு வைத்தார். எது தப்பாயிருக்கிறது, ஒன்றும் இல்லை. அம்பு எண்பத்தேழில் நின்றது, பக்கத்தில் அர்த்தமில்லாத ஏதோ ஆங்கிலப் பெயர். அழுத்தினாள். கறுப்பு. கறுப்பு கொஞ்சம் அதிக நேரம் நின்றது, அதற்குள் கூடத்து வெக்கை, மின்விசிறியின் கிறீச், குக்கரில் பருப்பு வைத்தோமா என்ற ஒரு கேள்வி, வைத்தோம், எல்லாம் வந்து போயின. பிறகு வெள்ளை. அம்மாடி. அதே வெள்ளைத் தரை. அதே குவியல்கள், ஒவ்வொன்றின் இடப்பக்கத்திலும் ஒரு நீலக்கோடு நிழல். அதே ஆள், அதே விளக்கு. நினைவு ஒரு கோடு பிசகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக மண்டைக்குள் பூட்டிவைத்ததை யாரோ எடுத்துத் திரையில் விரித்த மாதிரி இருந்தது, சிகப்பி வாய்விட்டே சிரித்தாள். விரல் தானாக ஓடியது. இங்கே குதி, இங்கே குனி, குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள், பறவை போகட்டும். அண்ணன் சொல்லிக்கொடுத்த கணக்கு, ஒண்ணு ரெண்டு மூணு குதி. பாட்டு கூட அதேதான், டிடிங் டிடிங் என்று கொஞ்சம் சோகமாக. இளவழுதிக்கு உடனே ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும், கீழே ஒன்றும் எழுதவேண்டாம், படம் போதும். போனைத் தூக்கி, திரை முழுவதும் அடங்கும்படி பிடித்தபோதுதான், போனின் சின்னக் கண்ணாடியில், மேல் மூலையில் ஓர் எண் தெரிந்தது. ஏழு.

ஏழு என்றால் என்ன. மிச்சமிருக்கிற லைஃபாக இருக்கலாம். ஒருதடவை வேண்டுமென்றே பறவையிடம் செத்தாள்; ஏழு ஏழாகவே இருந்தது. ஆயுதமாக இருக்கலாம். இல்லை. சின்ன வயதில் அந்த எண்ணைப் பார்த்ததாகவே இல்லையே, அப்படியானால் இது வேறு பதிப்பு, பின்னால் யாரோ சேர்த்தது, இதைப் பதிவில் குறிப்பாகப் போட்டுவிடலாம். போட்டுவிடலாம் என்று நினைத்த அதே நொடியில் புரசைவாக்கத்து டிவி வந்து நின்றது, ஓரமெல்லாம் உருண்டு, நான்கு மூலையையும் மரச்சட்டம் தின்றுவிட்ட டிவி. அதில் படத்தில் கால்வாசி வெளியேதான் இருக்கும், செய்தி வாசிப்பவருக்கு ஒரு காதுதான் தெரியும். சரி, மூலையில் எண் இருந்திருக்கும், தெரியவில்லை, அதனால் என்ன, ஏழிலேயே தொடங்குகிற ஆட்டம் இருக்கக்கூடாதா. இருக்கலாம். ஏழாம் ஸ்டேஜ். ஏழாம் கட்டம். ஏழாம் கட்டம் என்பதை எங்கோ சமீபத்தில் படித்தோமே, படித்தது மட்டுமில்லை, அதில் ஒரு காற்புள்ளியை எடுத்தோம், எடுத்துவிட்டுச் சிரித்தோம், எதற்குச் சிரித்தோம். குகை வீரன். இளவழுதி எழுதியது. 'ஏழாம் கட்டம்: உப்பளம். உப்புக் குவியல்களுக்கு இடையே வீரன் விளக்குடன் செல்கிறான். எட்டாம் கட்டம்: உப்பு மூட்டைகள் அடுக்கிய கிடங்கு.' வேதாரண்யத்துக்காரருக்கு ஆட்டத்திலும் உப்பளம்தான் தெரியும்போல என்று சிரித்தாள். சிரித்த வாய் இப்போது அப்படியே நின்றது. திரையில் வெள்ளைக் குவியல், வரிசையாக, கூம்பு கூம்பாக. பனி இப்படிக் கூம்பாகவா குவியும். அவள் பனியை எங்கே பார்த்தாள், அப்பச்சி அனுப்பிய நாட்காட்டியில்தான் பார்த்தாள். படிப்படியாக அடுக்கிய கோட்டை. கோட்டையா, மூட்டையா. வேண்டாம், அப்படிப் பார்க்கவேண்டாம். ஒரு தடவை மூட்டை என்று பார்த்துவிட்டால் பிறகு கோட்டை திரும்பி வராது.

வாசல் மணி அடித்தது. கேன் தண்ணீர். "அக்கா, உள்ள வெக்கட்டுமா?" என்றான், "அங்கேயே வைப்பா" என்றாள், எழுந்துகூடப் போகவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. முன்னுரையில் நாலு பக்கம், ஏமாறாதீர்கள் வாசகர்களே. ஆனால் ஏமாந்தது நிச்சயமா. ஒரு ஆட்டத்தில் இன்னொரு ஆட்டத்தின் படத்தைத் திருடிப் போட்ட கதை எத்தனையோ உண்டு, அவளே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறாள். ஆக, நிச்சயமில்லை. நிச்சயம் செய்ய ஒரே வழி, குகை வீரனை முதலிலிருந்து ஆடி ஏழுக்கு வரவேண்டும். அல்லது ஆடாமலே விட்டுவிடலாம். இந்த எண்ணம் எவ்வளவு சாதுவாக வந்து உட்கார்ந்தது என்பதைக் கண்டு அவளுக்கே திக்கென்றது. ஆடாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. மூலையில் ஏழு இல்லாதபடி படத்தை வெட்டிக்கொள்ளலாம். கண்டுபிடிக்கக்கூடியவர் உலகத்தில் இளவழுதி ஒருவர்தான், அவரே ஒன்றை உப்பு என்று எழுதிவிட்டு இன்னொன்றுக்கு ஆதாரம் கேட்டவர், கேசட்டைக்கூடத் தானே போட்டுப் பார்க்காமல் நீங்களே முதலில் பாருங்கள் மேடம் என்று மரியாதையாக அனுப்பியவர். விழா இருக்கிறது, அழைப்பிதழ் இருக்கிறது, அட்டை இருக்கிறது. இத்தனையும் ஒரு பிள்ளையின் தப்பான பார்வைமேல் நின்றுகொண்டிருந்தால், அது விழுந்தால், மற்ற பதிவுகளை மட்டும் யார் நம்புவார்கள். நானே ஆதாரம் என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு இனி எந்தக் குழுவில் பேசுவது. பயம் என்று ஒன்று அவளுக்கு இல்லை என்று வீட்டில் ஒரு பேச்சு. இருக்கிறது. வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே, தண்ணீர் குடித்தால் இறங்காத இடத்தில் இருக்கிறது. ஆனால் புத்தகத்தைப் புரட்டுகிற ஒருவன் ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் உள்ளது உண்மை என்று எண்ணிக்கொண்டு மூடுவான் அல்லவா, அதற்காகத்தானே இந்தக் காய்ப்பு. தெரிந்தே பொய் போட்டால் பிறகு இது களஞ்சியமா, சந்தைக்கடையா. சிகப்பி பட்டியலுக்குத் திரும்பினாள். முதல் எண்ணிலேயே இருந்தது குகை வீரன். இதை ஏன் தான் ஆடாமல் இளவழுதியிடம் தள்ளினோம் என்பது அழுத்தின விரலுக்கு நினைவு வந்துவிட்டது, தலைக்கு வரும் முன்னால்.

குகை. கறுப்பு. மேலிருந்து ஒரு நூல். நூலில் சிலந்தி. சின்னதாக இல்லை, பாதித் திரைக்கு, எட்டுக் காலும் தனித்தனியாக ஆடும்படி எந்தப் பாவி வரைந்தானோ. ஜாய்ஸ்டிக் கையிலிருந்து தானாக விழுந்தது. நாற்பத்து மூன்று வயதுப் பெண், ஒரு குடும்பத்தையும் ஒரு களஞ்சியத்தையும் கட்டி மேய்ப்பவள், பட்டப்பகலில், புள்ளி புள்ளியாக வரைந்த ஒரு சிலந்திக்குப் புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு, சீ போ என்று தன்னையே திட்டிவிட்டு, எடுத்தாள். செத்தாள். மறுபடி. அதன் நூலைப் பார்க்காதே, நிழலைப் பார், நிழல் தரையில் நகரும்போது நீ எதிர்ப்பக்கம் ஓடு. யார் சொன்னது இது, யாரும் சொல்லவில்லை, இப்போது அவளே கண்டுபிடித்தது. தாண்டினாள். உடம்பெல்லாம் வேர்வை, ஆனால் தாண்டினாள், அதற்குப் பிறகு மிச்ச ஐந்து கட்டமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, வௌவாலும் எரிகல்லும் பாலமும் எல்லாம் கையை வீசிக்கொண்டு நடந்தாள், குக்கர் எத்தனையோ விசில் அடித்து அடங்கியது, ஆறாம் கட்டத்தின் கதவு திறந்தது, கறுப்பு, பிறகு வெள்ளை. டிடிங் டிடிங். மூலையில் ஏழு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பனிக்கோட்டை என்று ஒரு ஆட்டம் கிடையாது. இதில் ஒரு விசித்திரம், அவ்வளவு பயந்த செய்தி வந்து சேர்ந்ததும் வயிற்றுக்கு மேலே இருந்தது இறங்கிவிட்டது. இருந்தாலும் ஒன்று மட்டும் முள்ளாகத் தைத்தது. அந்தச் சிலந்தி ஆட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்து அழுதது நினைவிருக்கிறது. பனி ஆட்டத்தை வருஷக்கணக்கில் ஆடியதும் நினைவிருக்கிறது. அது வேறு இது வேறு என்று யார் சொன்னது.

மலேசியாவில், ஈப்போவில், அண்ணன் மத்தியானத் தூக்கத்தில் இருப்பான். இருக்கட்டும். போட்டாள்.

"அண்ணே, தூங்கிட்டியா?"

"எழுப்பிட்டுக் கேளு. என்ன, புத்தகம் வந்துருச்சா?"

"பனிக்கோட்டைன்னு ஒண்ணு ஆடுவோமே, அது தனி ஆட்டமா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். தூக்கத்தில் கரகரத்த சிரிப்பு. "ஏன்டி, அத இன்னும் நம்பிக்கிட்டா இருக்கே?"

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அந்தச் சிலந்தியப் பாத்துட்டு நீ அலறின அலறல்ல கீழ் வீட்டுக்காரங்க மேல ஏறி வந்துட்டாங்க. ஆத்தா அந்தப் பொட்டியவே தூக்கிப் பரண்ல போட்டுடுச்சு. நான் கெஞ்சிக் கூத்தாடி இறக்கி வாங்குனேன். அப்புறம் எந்த நம்பர்ல அது வராதுன்னு ஒவ்வொண்ணாப் போட்டுப் போட்டுப் பாத்தேன். நீ பள்ளிக்கூடத்துல இருந்து வர்றதுக்குள்ள. எண்பத்தேழுதான் சுத்தமா இருந்துச்சு."

"எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா விளையாட வருவியா? அதே ஆட்டம்னா உள்ள எங்கயோ சிலந்தி இருக்கும்னு பயந்து கதவுக்கு வெளியவே நிப்ப. அதான் வேற ஆட்டம்னேன். பேரு கூட நீதான் வெச்ச. தனியா ஆடினா எனக்குச் சலிக்காதா?"

ஆறு கட்டம். எண்பத்தாறு எண்ணையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பையன். அவனுக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது, தான் கஷ்டப்பட்டுத் தாண்டக் கற்றுக்கொண்ட ஆறு கட்டத்தையும் அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை, அவளோடு பனியிலேயே சுற்றிக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டாள். "இன்னிக்கு நான் அதைத் தாண்டிட்டேன்ணே" என்றாள் கடைசியில். "எதை?" "சிலந்திய." "பார்றா" என்றான் அண்ணன், உண்மையாகவே அசந்துபோய்.

பதிப்பாளரை அவளே கூப்பிட்டாள். நடந்ததை ஒளிக்காமல், சுற்றிவளைக்காமல் சொன்னாள். ஆரோக்கியசாமி மெல்ல, யாருக்குத் தெரியப்போவுது மேடம் என்று ஆரம்பித்தார். "எனக்குத் தெரியும்ல" என்றாள். அட்டைக்கு வேறு படம் தருவதாகச் சொன்னாள், பின்னட்டை வாசகத்தை எடுக்கச் சொன்னாள், விழாவில் அவளே மேடையில் இந்தக் கதையைச் சொல்வதாகவும், பேப்பர்காரர்கள் அதைத்தான் எழுதுவார்கள், வேண்டுமானால் பாருங்கள் என்றும் சொன்னாள். குழுவில் இளவழுதிக்கு எழுதினாள்: 'டாக்டர், நீங்கள் பார்த்ததுதான் சரி, அது உப்புதான். ஆதாரம் கிடைத்துவிட்டது.' எழுதியபோது கூச்சம் இருந்தது, அனுப்பியதும் இல்லை. பிறகு மடிக்கணினியைத் திறந்து, களஞ்சியத்தின் மிக நல்ல பதிவை, ஒன்றரைப் பக்கத்தை, தேர்ந்தெடுத்து அழித்தாள். தலைப்பை மட்டும் விட்டுவைத்தாள். பனிக்கோட்டை — காண்க: குகை வீரன். இந்தப் பெயரில் தேடிக்கொண்டு வேறு யாரும் வரப்போவதில்லை என்று தெரியும், இருந்தாலும் வருகிறவளுக்கு வழி இருக்கவேண்டும். அதன் பிறகு குகை வீரனுக்குப் போய், இளவழுதியின் பதிவின் கடைசியில், குறிப்பு என்ற இடத்தில், மற்ற குறிப்புகளை எழுதுகிற அதே நிதானத்தோடு ஒரு வரி சேர்த்தாள். உடன் ஆடுபவர் சிலந்திக்குப் பயந்தால் பட்டியலில் 87ஆம் எண்ணிலிருந்து தொடங்கவும்.

சாப்பாட்டுக்கு முன்னால் பக்கங்கள் பதிப்பாளருக்குப் போய்விட்டன. சோற்றில் பருப்பைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அவர் கூப்பிட்டார். மற்றதெல்லாம் சரி மேடம், அந்தக் கடைசி வரி, இது தகவல் புத்தகம்தானே, அது அவசியமா என்று கேட்டார்.

"அதுதான் அவசியம்" என்றாள் சிகப்பி.